மலைக்கு மேலே விட்ட இடம்

கிங்ஸ்பரி
9 பெப்ரவரி 2025

அன்புள்ள இசபெலுக்கு,

முழங்கால் நோவைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீர் டூட்டிங்கில் மகள் வீட்டுக்குப் போய் இன்றோடு பத்து நாள். போனை எடுக்கிறீர் இல்லை. கடிதம் என்றால் கிழிக்கவாவது கையில் எடுக்க வேணுமே.

உமது பிறந்தநாளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்றுதான், அலுமாரிக்குள் சுருட்டிக் கிடந்த, பக்கத்து வீட்டு லின் அக்காவின் மலைப் படத்தைப் பிரேம் போட்டேன். வாங்கின பிரேம் உயரம் கட்டை. மலையோ அடியில் இருந்தது, மேலே பாதிக்கு ஒன்றுமில்லை. வெட்டிவிட்டேன். “வெறுங் கடதாசிதானேயப்பா” என்று சொன்னதற்கு, பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்.

வெட்டின துண்டை எறியவில்லை. வீணாக்கக் கூடாது என்று இதை அதில்தான் எழுதுகிறேன். மைப்பேனை பட்டதும் எழுத்தெல்லாம் ஊறுகிறது, பொறுத்துக்கொள்ளும்.

இன்று பூசை முடிய அருள்நாயகி “இசபெல் எங்கை?” என்று கேட்டா. தடிமன், இருமல் என்றேன், கோயில் வாசலிலேயே பொய். சோறு ஒவ்வொரு நாளும் குழைகிறது. நீர் இல்லாமல் எனக்கு ஏலாது. வாரும்.

உமது
கஸ்பர்

டூட்டிங்
14 பெப்ரவரி

பிறேமினியின் அப்பாவுக்கு,

கடிதத்தைக் குசினி அடுப்படியில் நின்று பிரித்தேன், அங்கேயே இருந்து அழுதேன். பிறேமினி “அப்பாவுக்கு ஏதுமோ?” என்று ஓடி வந்தாள்.

பக்கத்து வீட்டில் லின் அக்கா முப்பது வருடம் படம் கீறினார். பகலில் ரெஸ்டோரண்ட் வேலை, விடிய எழும்பித் தூரிகை. நான் மைக்கட்டியைக் கல்லில் உரைத்துக் கொடுப்பேன். அந்தத் தாளில் தூரிகை பட்டால் பட்டதுதான், அழிக்க முடியாது. பிழை வந்தால் வேறு தாள் எடுப்பார். அந்த மலைக்கு நாற்பது தாளாவது போயிருக்கும்.

படத்தில் இடம் விட்டு, மனதுக்கு நெருங்கியவரிடம் எழுதக் கொடுப்பது சீனாவில் அவர்களின் வழக்கம். கண் மூடுவதற்கு முன் என்னிடம் அதைத் தந்து, “உன்ரை தமிழிலை எழுது” என்றார். நாலு வருடமாகத் தூரிகையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பிழை விட்டுவிடுவேனோ என்ற பயம். அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். இனி எழுத இடமில்லை.

கோபம் ஆறவில்லை. சோற்றுக்குத் தண்ணீரைக் குறைத்து விடுங்கள்.

இசபெல்

கிங்ஸ்பரி
17 பெப்ரவரி

அன்புள்ள இசபெலுக்கு,

இது கடையில் வாங்கின கொப்பித் தாள், பயப்பட வேண்டாம்.

நீர் சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம். முப்பது வருடம் பக்கத்து வீடு, அந்த மனுசியோடு குட் மோர்னிங்குக்கு மேல் நான் கதைத்ததில்லை.

லின் அக்காவின் படங்களுக்குப் பின்தாள் ஒட்டுகிற கிழவரிடம் இன்று போனேன். துண்டைக் கொண்டுவந்தால் ஒட்டலாமாம், வெட்டின தடம் தெரியுமாம். என் எழுத்தை மட்டும் எடுக்க ஏலாதாம். படத்தை அவரிடம் விட்டு வந்தேன். முடிவு உம்முடையது. திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள் அழுதேன். வெட்கம்தான், சொல்லாமல் விட மனமில்லை.

கஸ்பர்

டூட்டிங்
27 பெப்ரவரி

அன்புள்ள பிறேமினியின் அப்பாவுக்கு,

துண்டைக் கொண்டுபோனேன். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கிழவர் கேட்டார். முழங்காலில் இருந்து குழைந்த சோறு வரை இங்கிலிசில் வாசித்துக் காட்டினேன். சிரித்தார். பழைய படங்களிலும் இதைத்தான் எழுதியிருப்பார்களாம்: மழை, கால் நோ, ஆள் இல்லாத வீடு.

எழுத்தோடேயே ஒட்டச் சொன்னேன். பசையில் நனைந்ததில் இன்னும் கொஞ்சம் ஊறியிருக்கிறது, ஆனாலும் வாசிக்கலாம். லின் அக்காவின் மலைக்கு மேலே இப்போது உங்கள் முழங்கால் நோ இருக்கிறது.

உங்கள் கையெழுத்துக்குக் கீழே இரண்டு விரல் அகலம் மிச்சம் இருந்தது. இனி நான் எதைப் பழுதாக்கப் போகிறேன் என்று தூரிகையை எடுத்தேன். “லின் அக்கா, இவரைப் பொறுத்துக்கொள்ளுங்கோ. நானும் பொறுத்திட்டன்.” என்று எழுதி முடித்தேன்.

சனிக்கிழமை படத்தோடு வருகிறேன். சுவரில் ஆணி ஒன்று அடித்து வையுங்கள். பிரேம் வாங்க வேண்டாம்.

உங்கள்
இசபெல்