அப்பா திருத்திய இரங்கல் செய்தி

1943, ஐப்பசி, வியாழன் இரவு

காலையில் முதல் வேலையாக, நாளைய பத்திரிகையின் புரூஃப் கட்டை அப்பாவின் கட்டிலருகே வைத்தேன். நிர்வாகம் என் கைக்கு வந்து மூன்று வருடமாகியும், அவர் பார்க்காமல் ஒரு பக்கமும் அச்சேறாது. கட்டுக்குள் அவருடைய இரங்கல் செய்தியும் இருந்ததை நான் கவனிக்கவில்லை. போன வாரம் டாக்டர் கையை விரித்ததும், நானே எழுதி அச்சுக்கோக்கக் கொடுத்தது அது.

காபியோடு திரும்பினால், பென்சிலும் கையுமாக அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா எழுதுனது? எலெக்சன்ல நிக்கிறவனுக்கு நோட்டீஸ் போட்ட மாதிரியில்ல இருக்கு!"

"நான்தாம்ப்பா. மன்னிச்சுக்கங்க."

"அட, அழுவாத. பேப்பர்க்காரன் வீட்ல இது முன்னாடியே தயாரா இருக்கணும்ல? ஆனா பேப்பர் ஆரம்பிச்ச மொத வருசம் பூராவும் பேப்பர மடிச்சு மடிச்சு வெரலு காய்ச்சுப்போனது ஒங்க ஆத்தாவுக்கு. அவ பேரு எங்க?"

ஓரத்தில் அம்மாவின் பெயரை எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் குளத்தூர் நெல் விலையைத் திருத்த ஆரம்பித்துவிட்டார்.

அப்பா அதைப் படித்துவிட்டதை அண்ணனிடம்கூட இன்னும் சொல்லவில்லை. இரங்கல் செய்திக்காகக் கோத்து வைத்திருக்கும் அச்செழுத்துகளை நாளை பிரித்துப் போடச் சொல்லப் போகிறேன். ஞாயிறு இதழில் அம்மாவைப் பற்றி எழுதுவேன். அதையும் அப்பா திருத்தட்டும்.