நாற்பத்தைந்து நிமிடப் பீற்சா

முல்லைத்தீவு
9.2.1983

மெற்றில்டாவின் அப்பாவுக்கு,

சிகாகோவிலிருந்து நீங்கள் போட்ட கடிதமும் படமும் கிடைத்தன. இடுப்பில் வெள்ளைத் துணி கட்டி, ஆழமான இரும்புத் தட்டோடு சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

கடிதத்தின் நான்கு பக்கமும் நீங்கள் கடையில் சுடும் அந்தப் பீற்சாதான். மாவைத் தட்டின் விளிம்புவரை விரலால் ஏற்றுவீர்களாம். அடியில் சீஸ் பரப்பி, மேலே தக்காளிக் குழம்பு ஊற்றுவீர்களாம். வேக நாற்பத்தைந்து நிமிடமாம். அதுவரை சனம் முகம் சுளிக்காமல் காத்திருக்குமாம். முதல் துண்டை நீங்களே எடுத்து வைத்து, ருசி எப்படி என்று கேட்பீர்களாம்.

கலியாணம் கட்டி ஒன்பது வருடம். என்னிடம் ஒரு நாளாவது அப்படிக் கேட்டீர்களா?

மீன்பிடித்துக் கடலால் வந்தபோது சோறு அடுப்பிலிருந்து இறங்கவில்லை என்று மீன்குழம்புச் சட்டியைச் சுவரில் அடித்தவர் நீங்கள். "இவ்வளவு நேரமும் குசினிக்குள்ள என்ன செய்தனீ?" என்றீர்கள். விறகு ஈரம், அவ்வளவுதான். அந்தக் கறைக்கு மூன்று தரம் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். மெற்றில்டா இன்னும் அந்தச் சுவரோரம் இருந்து சாப்பிடமாட்டாள்.

"நீயும் பிள்ளையும் வாங்கோ" என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள்.

வருவோம். வந்த அன்று நானும் மகளும் சாப்பாட்டு மேசையில் கதிரை போட்டு இருப்போம். நாற்பத்தைந்து நிமிடமும் காத்திருப்போம், எதையும் உடைக்கமாட்டோம். முதல் துண்டை எனக்கு வைத்து, ருசி எப்படி என்று கேளுங்கள். நாங்கள் சாப்பிட்டு எழும்பும்வரை பக்கத்தில் நின்று பரிமாறுங்கள்.

மிச்சம் இருந்தால் நீங்கள் சாப்பிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் அம்மா