மிஸ்டர் நிஸ்ட் யார் என்று கேட்டார்கள்

சிவமயம்

தோர்ண்டன் ஹீத், லண்டன்
20 நவம்பர் 1994

அன்பு மகன் குலத்திற்கு அம்மா எழுதுவது.

நாங்கள் சுகம், உங்கள் சுகத்துக்கு நல்லூரான் துணை என்று எழுதித்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்கி எனக்குப் பழக்கம். இன்றைக்கு அதில் முதல் பாதியை எழுதக் கை வரவில்லை. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார், நெஞ்சுவலி இல்லை, குளிசைகளை ஒழுங்காக எடுக்கிறார், அந்த அளவில் அவர் சுகம். நான்தான் சுகமில்லை, எனக்கு இருப்பது வருத்தம் அல்ல, கோபம். டெலிபோனில் கதைத்தால் நான் கத்துவேன், நீ பிறகு எடுக்கிறன் அம்மா என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன், கடைசி வரைக்கும் வாசி. அன்னிக்காவுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது, அந்தப் பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அதை மட்டும் கோபமில்லாமல் வேண்டிக்கொண்டு மிச்சத்துக்கு வருகிறேன்.

அன்றைக்கு நடந்தது உனக்கு டெலிபோனின் அந்தப் பக்கம்தான் தெரியும், இந்தப் பக்கத்தை நான் சொல்கிறேன். அப்பாவை அம்புலன்ஸில் கொண்டுபோன மறுநாள் உன் தங்கச்சி வதனா ஷிப்டுக்குப் போய்விட்டாள், நான்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தேன். அவருடைய நெஞ்செல்லாம் வயர் ஒட்டியிருந்தது. பெர்னடெற் என்று ஒரு நேர்ஸ் பிள்ளை, நல்ல பிள்ளை, அப்பாவின் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டுப் பழகி மிஸ்டர் அம்பலவாணன் என்று முழுதாகத்தான் கூப்பிடுவாள். அவள் வந்து குனிந்து, சுவீடனிலிருந்து மிஸ்டர் நிஸ்ட் என்று ஒருவர் டெலிபோனில் நிற்கிறார், உங்கள் நிலைமையைக் கேட்கிறார், குடும்பத்து ஆட்களுக்கு மட்டும்தான் நாங்கள் சொல்லலாம், அவர் உங்களுக்கு யார் என்று கேட்டாள். அப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். சுவீடனில் உன்னை விட்டால் எங்களுக்கு யாரைத் தெரியும்? உன்னோடு வேலை செய்கிற ஆளாக்கும், உனக்கு ஏதோ நடந்துவிட்டதாக்கும் என்று நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அப்பா தன் ரயில்வே இங்கிலீஷில் தெளிவாகச் சொன்னார், அப்படி ஒருவரை எனக்குத் தெரியாது, என் மகனின் பெயர் குலசேகரம் அம்பலவாணன் என்று. பெர்னடெற் போனாள், திரும்பி வந்து, அவர் தான்தான் உங்கள் மகன் என்று சொல்கிறாரே என்றாள். அப்பா அப்போதும் இல்லை என்றுதான் தலையாட்டினார். என்னிடம் திரும்பி, "ஆரோ விசரன், என்ர பிள்ளையின்ர பெயரைச் சொல்லிக்கொண்டு எடுக்கிறான்" என்றார். ஒரு தகப்பன் தன் வாயால் தன் பிள்ளையைத் தெரியாது என்று சொன்னார் குலம், அதுவும் நெஞ்சில் வயரோடு கிடந்துகொண்டு. சொல்லவைத்தது நீ.

அன்று பின்னேரம் வதனா உன்னோடு கதைத்துவிட்டு வந்து விஷயத்தைச் சொன்னபோது அவளுக்கே முகம் வெளிறிக் கிடந்தது. கலியாணம் எழுதிய அன்றே மனைவியின் குடும்பப் பெயரை எடுத்துவிட்டாய், அந்த நாட்டுச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது, சரி. அது நடந்து இரண்டு வருடம். போன கோடையில் நீங்கள் இரண்டு பேரும் வந்து இங்கே நின்று, நான் அவித்த இடியப்பத்தைச் சாப்பிட்டு, அப்பாவோடு குறொய்டன் வரை நடந்து போய் வந்து, ஒரு சொல் சொன்னாயா? பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு திரிந்தாய், கள்வர் பயமாக்கும் என்று நான் நினைத்தேன். நான் டெலிபோனில் அழுதபோது நீ என்ன சொன்னாய்? "அம்மா, அது வெறும் பெயர்தானே" என்றாய். குலம், வேலைக்கு எழுதிப் போட்டேன், என் பெயரைப் பார்த்தே தூக்கி எறிகிறார்கள், வயிற்றுப்பாட்டுக்காக மாற்றினேன் என்று சொல்லியிருந்தால் நான் அதை விழுங்கியிருப்பேன். அகதியாகப் போன பிள்ளை என்ன பாடுபட்டானோ என்று அழுதிருப்பேன். நீ அப்படிச் சொல்லவில்லை. உனக்கு நல்ல உத்தியோகம் கலியாணத்துக்கு முந்தியே இருந்தது. அடுத்த மூச்சில் நீ சொன்னது, இந்தப் பெயர் அருமையான பெயர் அம்மா, சுவீடன் முழுவதும் இருபத்திரண்டு பேருக்குத்தான் இருக்கிறது, அன்னிக்காவின் தகப்பனுக்கு ஆண்பிள்ளை இல்லை, எடுக்காவிட்டால் அவர்களின் கிளையில் அழிந்துவிடும் என்று. அப்போ அவருடைய பெயர் அழியக்கூடாத பெயர், உன் அப்பாவின் பெயர் மட்டும் வெறும் பெயர்.

பிறகு அன்னிக்கா தானாகவே டெலிபோன் எடுத்தாள். வதனா ரிசீவரை எங்கள் இரண்டு பேரின் காதுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்தப் பெயர் நிஸ்ட் இல்லையாம், முன்னால் ஒரு ஜி எழுத்து இருக்கிறதாம், க்னிஸ்ட் என்று சொல்ல வேண்டுமாம், நேர்ஸ் அந்த ஜியை விழுங்கிவிட்டாள். தீப்பொறி என்று அர்த்தமாம். இது எங்கே இருந்து வந்த பெயர் என்று நான் கேட்டேன், சும்மா கேட்கவில்லை, என் புருஷனின் பெயரை இறக்கிவிட்டு ஏறி இருக்கிற பெயர் எந்த ராசவம்சம் என்று அறியத்தான் கேட்டேன். அவள் ஒளிக்காமல் சொன்னாள். முந்தின காலத்தில் அங்கே குடியானவர்களுக்குக் குடும்பப் பெயரே இல்லையாம். தகப்பனுக்குப் ‘பேர்’ என்று பெயர் என்றால் மகன் பேர்சன், மகள் பேர்ஸ்டொட்டர், எங்களைப் போலவே தகப்பனின் பெயர்தான். பட்டாளத்தில் ஒரு கொம்பனியிலேயே பத்துப் பன்னிரண்டு பேர்சன் நின்றால் கப்டன் எவனைக் கூப்பிடுவான்? அதனால் கப்டன் ஒவ்வொருவனுக்கும் வாய்க்கு வந்த கட்டைப் பெயர் ஒன்றைக் கொடுப்பானாம், ஒருவனுக்கு உருக்கு, ஒருவனுக்குக் கேடயம், இவளுடைய பூட்டனின் பூட்டனுக்குத் தீப்பொறி. அதுகூட அவனுக்கென்று வைத்த பெயர் இல்லையாம், ஊரவர்கள் பட்டாளக்காரனுக்குக் கொடுக்கிற குடிலோடு சேர்ந்த பெயராம். அவனுக்கு முந்தி அந்தக் குடிலில் இருந்து செத்தவனும் க்னிஸ்ட்தான், அவன் இவர்களுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வேலையை விட்டுப் போகும்போது பலபேர் அந்தப் பெயரைக் கழற்றிவைத்துவிட்டுத் தகப்பன் பெயருக்கே திரும்பினார்களாம், இவன் மட்டும் வைத்துக்கொண்டானாம். அந்தப் பிள்ளை சிரித்துச் சிரித்துத்தான் சொன்னாள், பாவம், எனக்குப் பிடிக்குமென்று நினைத்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவனுக்காவது தலைக்கு மேலே ஒரு கப்டன் நின்றான், மறுத்தால் அடி விழும். உனக்கு மேலே எந்தக் கப்டன் நின்றான் குலம்?

நான் வதனாவிடம் சொன்னேன், நான் சொல்வதை ஒரு சொல் விடாமல் அவளுக்குச் சொல், மெதுவாக்காதே என்று. அம்பலவாணன் எங்கள் குடும்பப் பெயர் இல்லை, எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அது இந்த மனுஷனுக்குத் தாய் தகப்பன் வைத்த சொந்தப் பெயர், மகன் அதைத் தன் பெயரோடு சேர்த்து வைத்திருப்பது நான் இவருடைய பிள்ளை என்று சொல்வதற்குத்தான், வேறு ஒன்றுக்கும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆயிரம் அம்பலவாணன் இருக்கலாம், ஆனால் இந்த அம்பலவாணனின் பிள்ளை என்று அந்தப் பெயரைச் சுமக்க இருந்தது இரண்டே பேர், வதனா கலியாணம் முடித்து மிஸிஸ் பாலேந்திரா ஆகிவிட்டாள், மிச்சம் நீ ஒருவன். உங்கள் பெயர் இருபத்திரண்டு பேர் என்று கவலைப்படுகிறீர்கள், எங்களுடையது ஒன்றாக இருந்து இப்போது ஒன்றும் இல்லை என்று சொல்லச் சொன்னேன். பிறகு அன்னிக்கா அழுதபடி சொன்னது இதுதான்: குலம் தன்னிடம் அம்பலவாணன் என்பது சுவீடனில் அண்டர்சன் மாதிரி ஒரு பெயர், ஊரில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், ஒன்று குறைந்தால் யாருக்கும் தெரியாது என்று சொன்னான் என்று. அப்படியா சொன்னாய்? உன் தகப்பனைப் பற்றி? அந்தப் பிள்ளையின் மேல் எனக்குக் கோபம் அந்த நிமிஷமே போய்விட்டது, உன் மேல் இரண்டு மடங்காகிவிட்டது. தன் வீட்டுப் பெயரின் கதையை அவள் இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாள், உன் வீட்டுப் பெயரின் கதையை நீ அவளுக்கு ஒரு வரி சரியாகச் சொல்லவில்லை. இன்னொன்றும் யோசித்துப் பார். எங்கள் முறைப்படி உன் பிள்ளைக்கு அம்பலவாணன் போகப் போவதில்லை, உன் பெயர்தான் போக வேண்டும். அப்பாவின் பெயருக்கு இருந்தது உன்னோடு முடிகிற ஒரு தலைமுறை மட்டும்தான். அந்த ஒன்றைக்கூட அவர் கண் மூடும் வரை பொறுக்க உனக்கு முடியவில்லை. உன் பிள்ளை குலசேகரத்தின் பிள்ளை என்று ஒரு கடதாசியிலும் தெரியாமல் க்னிஸ்ட் என்று வளரும், அப்போது உனக்கு உறைக்கும்.

நான் இப்படிக் கொதிக்கிறேன், உன் அப்பா கொதிக்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வதனா அவருக்குப் பக்குவமாகச் சொன்ன அன்று, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "அவன் தான் மகன் எண்டு சொல்லச் சொல்ல நான் இல்லை எண்டிட்டனே" என்று அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார், உன்னில் ஒரு பிழை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் குளியலறைக்குள் அவர் யாரோடோ கதைக்கிற சத்தம் கேட்டு, விழுந்துவிட்டாரோ என்று கதவைத் தள்ளினேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று க்னிஸ்ட், க்னிஸ்ட் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எங்கள் வாய்க்கு அந்த இரண்டு எழுத்தும் சேர்ந்து வராது, கினிஸ்ட் என்று வருகிறது, திருப்பிச் சொல்கிறார். என்ன விசர் வேலை இது என்று நான் கத்தினேன். "திருப்பி எடுத்தானெண்டால் நான் ஓம் எண்டு சொல்ல வேணுமெல்லே கமலம்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, அந்தக் கண்ணாடியை உடைக்கலாம் போல இருந்தது. போன செவ்வாய் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த பெண், அவசரத்துக்கு அறிவிக்க வேண்டிய உறவினர் யார் என்று கேட்டாள். வதனாவின் பெயரைச் சொல்லிவிட்டு அப்பா நிமிர்ந்து இருந்து, என் மகன், மிஸ்டர் க்னிஸ்ட், சுவீடன் என்றார். அவள் விளங்காமல் பார்த்தாள். அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி எழுதவைத்தார், அந்த ஜியை விட்டுவிடாதீர்கள் என்று இரண்டு தரம் சொன்னார். பெயர் வேறாக இருக்கிறதே என்று அவள் கேட்டதற்கு, அது மிகவும் அருமையான பெயர், அந்த நாட்டில் இருபத்திரண்டு பேருக்குத்தான் இருக்கிறது என்று சொன்னார், பெருமைக்காரர் மாதிரி. நான் பக்கத்தில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். அந்தப் பெயரை மாற்று என்று நான் கேட்கப் போவதில்லை, அது உன் கையெழுத்து, நீயே பார்த்துக்கொள். ஆனால் அப்பா இந்தச் செய்தியை ஒரு நேர்ஸின் வாயாலும் வதனாவின் வாயாலும் கேட்டார், உன் வாயால் இன்னும் கேட்கவில்லை. நத்தார் லீவு விட்டதும் வா. அன்னிக்காவை இந்த நிலையில் அலைக்காதே, அவளைத் தாயோடு விட்டுவிட்டுத் தனியே வா. வந்து அவருக்கு முன்னால் இருந்து, அப்பா நான் இப்படிச் செய்தேன், உங்களுக்குச் சொல்லவில்லை, அன்னிக்காவுக்கும் உங்களைப் பற்றிப் பிழையாகச் சொன்னேன் என்று சொல். அவர் பரவாயில்லை என்றுதான் சொல்வார், அது எனக்குத் தெரியும், அவர் சொல்லட்டும். நான் சொல்லமாட்டேன். இன்னொன்று, அன்னிக்கா நேற்று வதனாவுக்கு எடுத்து, பிள்ளைக்கு நடுப்பெயராகக் குலசேகரம் என்று வைக்கலாமா, அதை எப்படி எழுதுவது என்று கேட்டாளாம். உன்னிடம் கேட்டதற்கு, பள்ளிக்கூடத்தில் பகிடி பண்ணுவார்கள், நீளமான பெயர், வேண்டாம் என்றாயாம். அவள் கேட்கிறாள், நீ மறுக்கிறாய்! வாயை மூடிக்கொண்டு அந்தப் பிள்ளை சொல்கிறபடி செய்.

மற்றப்படி இங்கே குளிர் தொடங்கிவிட்டது, மருமகன் பாலேந்திரா வந்து எங்கள் வீட்டு ஹீட்டரைத் திருத்தினார். செவன் கிங்ஸில் இருக்கிற செல்வமலர் மாமி உன்னைச் சுகம் கேட்டா, நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. அன்னிக்காவுக்கு அன்னாசிப்பழம் கொடுக்காதே, பனியில் நடக்கும்போது கையைப் பிடித்துக்கொள், அங்கே தரை வழுக்கும். நீ வரும்போது ஒன்றும் வாங்கி வராதே, பெட்டியில் இடம் விட்டு வா, அரைத்த தூளும் பிள்ளை பெறுகிறவளுக்குக் காயச்சரக்கும் கட்டி வைத்திருக்கிறேன். உனக்கும் என் மருமகளுக்கும் பிறக்கப்போகிற குஞ்சுக்கும் நல்லூரான் நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் தரட்டும், உனக்குப் புத்தியைக் கொஞ்சம் கூடத் தரட்டும். டிக்கெட் போட்டதும் வருகிற திகதியை வதனாவுக்கு அறிவி, மறந்துவிடாதே. இதுவரை உனக்கு எழுதிய கடிதங்களில் அம்மா என்று மட்டும்தான் கீழே எழுதினேன். இன்றைக்கு முழுதாக எழுதுகிறேன், இனி இந்தப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து எழுத வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
கமலாம்பிகை அம்பலவாணன்