ஒரு முழ இடைவெளி

அன்புள்ள அம்மாவுக்கு,

யாஸ்னா எழுதுகிறேன். முட்டிவலி குறைந்ததா? நம் சிலோயே தீவு மழையில் வெறுங்காலோடு நடக்காதே. நான் சௌக்கியம்.

செவ்வாய்க்கிழமை இங்கே இகீக்கேயில் பூமி கொஞ்சம் ஆடியது. செய்தியில் பார்த்துப் பயந்திருப்பாய். எங்கள் ஆஸ்பத்திரி கனத்த ரப்பர் மெத்தைகளின் மேல் நிற்கிறது. நிலம் ஆடினால் மெல்ல நகர்ந்து திரும்பி வரும். அதற்காகச் சுற்றிலும் ஒரு முழ இடைவெளி விட்டிருக்கிறோம். அதை யாரும் அடைத்துவிடாமல் பார்ப்பதுதான் என் வேலை.

வாசலில் எம்பனாடா பலகாரம் விற்கும் ஒர்தென்சியா, தன் தள்ளுவண்டி சமமாக நிற்க அந்த இடைவெளியில் கல்லைப் போட்டுச் சிமெண்ட் பூசிவிட்டாள். போன வாரம் நான் உடைத்தெடுக்கச் சொன்னதும், "சும்மா கெடக்குற சந்துக்கு இம்புட்டு அதிகாரமா? உங்கப்பன் வீட்டு எடமா?" என்று கத்தினாள். நானும் விடவில்லை, அன்றைக்கே உடைத்தெடுக்க வைத்தேன்.

ஆட்டம் வந்தபோது மூன்றாம் மாடியில் ஒரு பிரசவம். கட்டடம் அந்த இடைவெளிக்குள் நகர்ந்து வந்து, திரும்பிப் போய்த் தன் இடத்தில் நின்றது. குழந்தையும் நல்லபடியாகப் பிறந்தது. எல்லாவற்றையும் வாசலிலிருந்து பார்த்த ஒர்தென்சியா, இப்போது யாராவது அங்கே சைக்கிளைச் சாய்த்தால்கூட, "ஏய், ஆஸ்பத்திரி போய் வர்ற வழிடா அது, எடு!" என்று விரட்டுகிறாள். எனக்குத் தினமும் ஒரு எம்பனாடா சும்மா கிடைக்கிறது. ஆனால் உன்னைப் போல அவளுக்கு வெங்காயம் வதக்கத் தெரியவில்லை.

உன் பீரோவைச் சுவரோடு சேர்த்து ஆணி அடிக்கச் சொல். இங்கே குளிரே இல்லை, இருந்தாலும் நீ பின்னிய கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு.

பஸ் வந்துவிட்டது. என் கட்டிலை எடுத்துவிட்டுத் தையல் மெஷினைப் போடப்போவதாக எழுதியிருந்தாயே, போடாதே அம்மா. அந்த இடம் அப்படியே இருக்கட்டும்.

உன்
யாஸ்னா