நீலப் பென்சிலில் வந்த பதில்

ஒன்பதாம் தேதி, ஆஸ்பத்திரி லிஃப்ட்டிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டு, குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் நான் அன்றைக்கே சொன்னதுதான். நீ அனுப்பிய மூன்று நாவல்களிலும் என்ன நடக்கும் என்று அட்டையைப் பார்த்தே சொல்லிவிட்டேன். உன் அத்தை சாட்சி. நீ கேட்டால் இல்லை என்பாள், அவள் என்றைக்கு எனக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லியிருக்கிறாள். நீ வீட்டை விட்டுப் போவாய் என்பதையும் சொன்னேன். உன் அம்மா ஏழு மாதத்துக்கு உன் பெயரை எடுக்க மாட்டாள் என்பதையும் சொன்னேன். எட்டு மாதம் ஆகிவிட்டது. ஒன்று முன்னே பின்னே இருக்கும்.

உன் கடிதம் கிடைத்தது. பதிப்பகத்தில் உன்னை இரண்டு வருடத்துக்குக் கடல் தாண்டி அனுப்புகிறார்கள், இருபத்தேழாம் தேதி புறப்பாடு, அதற்குள் ஒருமுறை வீட்டுக்கு வந்தால் அம்மா கதவைத் திறப்பாளா, இந்த ஒரு தடவையாவது கண் காது மூக்கு வைக்காமல் எழுதுங்கள் மாமா என்று கேட்டிருக்கிறாய். எட்டாம் வகுப்பை மூன்று வருடம் ஊன்றிப் படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது. போகட்டும். பதிலுக்கு வருகிறேன். அந்தப் புத்தகங்கள் வழியாகத்தான் வர முடியும், வேறு வழி இல்லை. பொறுமையாகப் படி.

கொலை நாவலை முதலில் எடுத்தேன். உனக்குத் தெரியும், இருபத்திரண்டு வருடமாக இந்த லிஃப்ட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மனிதர்களை மேலும் கீழும் அனுப்புகிறவன் நான். ஒருவர் உள்ளே கால் வைக்கும்போதே எந்தத் தளம் என்று சொல்லிவிடுவேன். பழக்கூடையோடு வந்தால் பிரசவ வார்டு. பெரிய உறையோடு வந்தால் ஸ்கேன். வெறுங்கையோடு வேகமாக வந்தால் ஆபரேஷன் தியேட்டர். அப்படிப்பட்டவனுக்குக் கொலைகாரனைக் கண்டுபிடிப்பது ஒரு வேலையா.

ஏரிக்கரையில் ஒரு பங்களா. பணக்காரப் பெரியவர் பாலில் விஷம் கலந்து கொல்லப்படுகிறார். வீட்டில் ஏழு பேர். பதினெட்டாம் பக்கத்தில் குடும்ப டாக்டர் இரண்டு முறை கை கழுவுகிறார். நான் பார்க்காத டாக்டரா. பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே, டாக்டர்தான் கொலைகாரன், இதற்கு மேல் படிப்பது வீண் என்று எழுதி, கையெழுத்தும் போட்டேன். கடைசியில் பார்த்தால் கொலை செய்தது செத்தவரின் தங்கை. முந்நூறு பக்கம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த அம்மாள். அவளுக்கு அண்ணன் மேல் என்ன கோபம் என்பதே முந்நூற்று நாற்பதாம் பக்கத்தில்தான் வருகிறது. அதுவரை எழுத்தாளர் அதைத் தன் மடியில் கட்டி வைத்துக்கொண்டிருந்தார். இது போங்கு ஆட்டம். என் கணக்கில் பிழையே இல்லை, அந்தக் கதைக்கு டாக்டர்தான் கொலைகாரனாக இருந்திருக்க வேண்டும், எழுதியவர் கோட்டை விட்டுவிட்டார். போதாததற்குத் துப்பறிகிறவர் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து நாற்பது பக்கம் பேசுகிறார். எங்கள் ஆஸ்பத்திரியில் நாற்பது நிமிடம் காத்திருக்கச் சொன்னால் காலில் கட்டுப் போட்டவனே எழுந்து போய்விடுகிறான், கொலை செய்தவள் கை கட்டி உட்கார்ந்திருப்பாளா.

இனிமேல்தான் விஷயம். பார்சல் வந்த அன்றைக்கே உன் அம்மா சொல்லிவிட்டாள், அவ அனுப்பினது எதுவும் என் வாசப்படி தாண்டக் கூடாதுடா என்று. நான் சரி அக்கா என்றேன். மறுநாள் மாடியிலிருந்து கீழே அவள் வீட்டுக்குப் போய், தையல் மெஷினுக்குப் பக்கத்தில், திரைச்சீலைத் துணி அடுக்குகிற பெஞ்சில் அந்தப் புத்தகத்தை மறந்து வைத்துவிட்டு வந்தேன். மறதி எனக்கு வேண்டும்போது நன்றாக வரும். உன் குப்பையை எடுத்துட்டுப் போ என்று மாடியைப் பார்த்துக் கத்தினாள். காது கேட்காததும் எனக்கு வேண்டும்போது வரும். நான்கு நாள் கழித்துப் போய் எடுத்து வந்தேன். பதினெட்டாம் பக்கத்தில் என் கையெழுத்துக்குக் கீழே நீலப் பென்சிலில் இரண்டு வரி. டாக்டர் இல்லை. அவசரக்குடுக்கை.

துணியில் வெட்டுகிற இடத்துக்குக் கோடு போடுவாளே, அந்தத் தட்டையான நீலப் பென்சில். அந்த வீட்டில் வேறு யார் கையில் அது இருக்கிறது.

மற்ற பக்கங்களையும் புரட்டினேன். இருநூற்று மூன்றாம் பக்கத்தில் ஒரே வரி இரண்டு தடவை அச்சாகியிருந்தது. அதைச் சுற்றி நீலத்தில் வட்டம் போட்டு, இதுகூடவா கண்ணில் படவில்லை என்று எழுதியிருந்தாள். பாப்பா, அது எனக்கு எழுதியது இல்லை. அந்தப் பதிப்பகத்தில் பிழை பார்க்கிறவள் நீதான் என்று அவளுக்குத் தெரியும். நான்தான் மாடிப்படியில் நின்று, உன் அத்தையிடம் சொல்வதுபோல் தெருவுக்கே சொன்னேன். அப்போது அவள், இங்கே பிரிச்சுத் தைக்க மலையா கிடக்கு, அங்கே போய் ஊரான் தப்பைத் திருத்துறாளாம் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் உன் புத்தகத்தில் பிழை பார்த்திருக்கிறாள்.

இதை நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் புத்தகம் ஜன்னல் வழியாகப் போயிருக்கும். நேரில் பார்த்தால் உப்பு போதுமா, மழை வருமா என்பதோடு சரி. மற்ற பேச்செல்லாம் பக்கத்து ஓரத்தில் நடந்தது.

அடுத்தது பேய்க் கதை. இதை எழுதியவரை ஒரு நாள் என் லிஃப்ட்டில் ஏற்றி மேலும் கீழும் கொண்டுபோக வேண்டும். பதினோரு தளக் கட்டடம், லிஃப்ட்டில் பேய். இரண்டு தளத்துக்கு நடுவில் அது லிஃப்ட்டை நிறுத்திக் கதவைத் திறக்கிறதாம். திறக்காது பாப்பா. நடுவில் நின்றால் வெளிக் கதவு பூட்டிக்கொள்ளும். அதற்குத் தனிச் சாவி, அது எங்கள் சூப்பர்வைசர் இடுப்பில் இருக்கிறது. பேயாகவே இருந்தாலும் அவரிடம் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். குழாயில் ரத்தம் கொட்டுகிறது, சுவரில் விரல் முளைக்கிறது, அந்தக் குடும்பம் அதைப் பார்த்துவிட்டுப் பல் தேய்த்து வேலைக்குக் கிளம்புகிறது. வாடகை வீடுதானே, காலி செய்து தொலைய வேண்டியதுதானே. இருநூற்றைம்பது பக்கம் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறியதுதான் மிச்சம். இதில் பயப்பட ஒரு மண்ணும் இல்லை என்று கடைசிப் பக்கத்தில் எழுதி, வழக்கம்போலப் பெஞ்சில் மறந்து வைத்தேன். பதில் வந்தது. அப்ப ஏன் மூணு நாளா கதவைத் திறந்து வச்சுட்டுக் குளிக்கிற. உன் அத்தை போட்டுக் கொடுத்திருக்கிறாள். தாழ்ப்பாள் இறுகிக் கிடந்தது, அதனால்தான். நீயாவது நம்பு.

மூன்றாவது, அந்த ராஜா ராணி நாவல். எழுநூறு பக்கம். செங்கல்லுக்கு அட்டை போட்டதுபோல் இருக்கிறது. குதிரை வந்தால் குதிரைக்கு நான்கு பக்கம், குதிரையின் சேணத்துக்கு இரண்டு பக்கம். காவல்காரன்கூட மேடையில் நிற்பவன்போல் பேசுகிறான், தண்ணீர் வேண்டும் என்று ஒருத்தன் கேட்பதற்குள் எனக்குத் தாகம் எடுத்துவிட்டது. எண்பத்தெட்டாம் பக்கத்தில் இளவரசியின் மேலங்கிக்கு முந்நூறு முழம் பட்டு என்று இருக்கிறது. உன் அம்மா அதன் ஓரத்தில், முந்நூறு முழத்தில் அரண்மனைக்கே திரை தைக்கலாம் என்று எழுதியிருந்தாள். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவர் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்துக்கொண்டார்.

ஆனால் கதை வேறு மாதிரி போய்விட்டது. அந்த இளவரசி நட்சத்திரம் பார்த்துக் கப்பல் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று, அம்மாவிடம் சொல்லாமல் ஓலை எழுதி வைத்துவிட்டுப் போகிறாள். மெஷின் ஊசிக்கடியில் நீ கடிதத்தைச் செருகி வைத்துவிட்டுப் போனாயே, அப்படி. ராணி கல்வெட்டிலிருந்து மகள் பெயரைச் செதுக்கி எடுக்கச் சொல்கிறாள். வருடங்கள் கழித்து மகளின் கப்பல் வந்து கோட்டைக்கு முன்னால் மூன்று நாள் நிற்கிறது. மகள் இறங்கி வந்து கூப்பிடவில்லை. ராணி மேலிருந்து பார்க்கிறாள், கதவைத் திறக்கச் சொல்லவில்லை. நான்காம் நாள் கப்பல் போய்விடுகிறது. ராணி அழுதுகொண்டு ஒரு பாட்டுப் பாடுகிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நான்காம் தளத்துக்குப் போக வேண்டியவரை அடித்தளத்தில் இறக்கிவிட்டேன். மூன்று நாள் நின்றவளுக்கு ஒரு படகை எடுத்துக்கொண்டு வரத் தெரியாதா, மேலே நின்றவளுக்கு ஒரு ஆளை அனுப்பத் தெரியாதா. இதற்காகவா எழுநூறு பக்கம். உங்கள் இரண்டு பேரையும்தான் சொல்கிறேன். எட்டு மாதமாக நான் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன், இரண்டு பேரும் பட்டனை அமுக்க மாட்டேன் என்கிறீர்கள்.

அந்தக் கப்பல் நிற்கிற இடம் அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். அதன் ஓரத்தில் நான் எழுதினேன், கதவைத் திறந்தால் என்ன குறைந்துவிடும் என்று. பெஞ்சில் வைத்தேன். பதில் வந்தது. வரட்டும், திறக்கிறேன் என்று எழுதியிருந்தாள். எழுத்து நடுங்கியிருந்தது, ஒரு சொட்டுக் கண்ணீரும் விழுந்து காய்ந்திருந்தது. ஆகவே நீ கேட்டதற்குப் பதில் இதுதான். புறப்பட்டு வா. இருபதாம் தேதி எனக்குக் காலை வேலை, மதியம் பஸ் நிலையத்துக்கு வந்து உன் பெட்டியைத் தூக்கிக்கொள்கிறேன்.

இதுவரை எழுதி மடித்து, உன் அத்தையிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். எப்படி இருக்கு என்றேன். பெட்டியோட வாசல்ல நிக்கப்போறது நீங்க இல்லையே என்றாள். அதனால் மறுபடியும் பிரித்து எழுதுகிறேன்.

டாக்டரைப் பற்றி எழுதியது நிஜம், பிழைக்கு வட்டம் போட்டது நிஜம், முந்நூறு முழம் நிஜம். குளியலறைக் கதவும் நிஜம்தான், தாழ்ப்பாள் நன்றாகத்தான் இருக்கிறது. அறுநூற்றுப் பன்னிரண்டில் வந்த பதில் மட்டும் நான் இட்டுக் கட்டியது. கண்ணீரும் என் கற்பனைதான்.

நடந்ததைச் சொல்கிறேன். அந்தக் கேள்வியை எழுதிப் பெஞ்சில் வைத்து ஒன்பது நாள் காத்திருந்தேன். ஒன்பதாம் நாள் எடுத்துப் புரட்டினேன், என் கேள்விக்குக் கீழே ஒன்றும் இல்லை என்றுதான் பட்டது. உன் அம்மா துணி கொடுக்கப் போயிருந்த நேரத்தில் அந்த நீலப் பென்சிலை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அவள் எழுத்து மாதிரி நானே பதில் எழுதி, புத்தகத்தை உனக்கு அனுப்புவதாகத் திட்டம். ஒரு வாரமாகப் பழைய மருந்துச் சீட்டுகளின் பின்னால் அவள் எழுத்தை எழுதிப் பழகியிருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள். மதியம் லிஃப்ட் காலியாக இருந்தபோது, விளக்குக்கு நேராக அந்தப் பக்கத்தைப் பிடித்தேன்.

ஏற்கெனவே அங்கே எழுதியிருந்தது, பாப்பா. எழுதி அழித்திருந்தது. ஒரு தடவை இல்லை. ரப்பர் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தில் காகிதம் வெங்காயத் தோல் மாதிரி ஆகிவிட்டது. நீலம் மட்டும் லேசாகப் பரவி நிற்கிறது. நான்கைந்து வார்த்தை இருக்கலாம், இரண்டு வரி இருக்கலாம். சாய்த்துப் பார்த்தேன், பின்பக்கம் விரலால் தடவிப் பார்த்தேன், எனக்குப் பிடிபடவில்லை. அதன் மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. பென்சிலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். காணாமல் போனதையும் அவள் கேட்கவில்லை, திரும்பி வந்ததையும் கேட்கவில்லை.

புத்தகத்தையே இத்துடன் அனுப்புகிறேன். நீ எழுத்தைப் பார்த்தே பிழைக்கிறவள், அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் எழுதப் படிக்கப் பழகினாய். என்னால் முடியாதது உன்னால் முடியலாம். ஒன்றும் தெரியாவிட்டாலும் அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார். இன்னொன்று, இதற்கு உன் அத்தை சாட்சி, இந்தத் தடவை அவளே சொல்கிறாள். வீட்டில் துணி வைக்க இடமே இல்லை, நீ உட்கார்ந்து தைத்த உன் மெஷின் மேல் மட்டும் உன் அம்மா இன்னும் ஒன்றையும் அடுக்கவில்லை.

கதவைத் திறப்பாளா என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. என் வாழ்நாளில் முன்கூட்டிச் சொல்லாத ஒரே விஷயம் இதுதான். இருபதாம் தேதி மதியம் பஸ் நிலையத்தில் நிற்பேன். நீ வந்தாலும் நிற்பேன், வராவிட்டாலும் நிற்பேன். அவள் திறக்காவிட்டால் மாடியில் நம் வீடு இருக்கிறது, அங்கிருந்து அவள் மெஷின் சத்தமாவது கேட்கும். மூன்று நாள் கப்பலிலேயே நின்றுவிடாதே அம்மா.

எங்கே போனாலும் நன்றாக இரு.

இப்படிக்கு,
இந்தத் தடவை கண் காது மூக்கை நானே எடுத்துவிட்ட
உன் மாமா