பிறவிக்கடலில் நின்ற மின்தூக்கி

மகளே,

நேற்றிலிருந்து நீ முகங்கொடுத்துப் பேசாததால் எழுதிவைத்துப் போகிறேன். நீ விண்ணப்பித்திருக்கும் அந்தச் சிறிய பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலரிடம் தொலைபேசியில் பேசினேன். உன் கணித மதிப்பெண் அவர்கள் கேட்கும் அளவைத் தொட்டுவிட்டதாம். இடங்கள் குறைவாகையால் விண்ணப்பக் கட்டுரையை வரிவரியாகப் படிப்பார்களாம்.

"சார், இதை எழுதினது உங்க பொண்ணா, நீங்களா?" என்று நாம் அனுப்பிய கட்டுரையைச் சொல்லிச் சிரித்தார்.

நீயும் அதைத்தான் சொன்னாய். நம் கட்டடத்து மின்தூக்கியைப் பழுதுபார்த்த கதையை நீ எழுதிய இடத்தில் நான் பிறவிக்கடலைப் பாய்ச்சிவிட்டேன். இன்று மாலைவரை மாற்றி அனுப்பலாமாம். நீ முதலில் உன் கைப்பட எழுதி, நேற்றுக் கோபத்தில் கிழித்தெறிந்த படியை ஒட்டி மேசைமேல் வைத்திருக்கிறேன். அதையே அனுப்பு, இடம் கிடைக்கும் என்று என் மனம் சொல்கிறது.

சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் கொடு.

அப்பா

பி.கு.: ஒட்டியபோது ஒரு சொல்லையும் மாற்றவில்லை. மாற்றத் துடித்த கையை இறைவன் தடுத்தாட்கொண்டான்.