பெரியம்மா எந்த வழி?

அம்மா,

இன்று காலை இடது முழங்கால் மறுபடியும் வீங்கிவிட்டது. ஊசி போட்டுக்கொண்டு, ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி வைத்து, காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். நனைந்த துண்டின் ஈர வாசனை வந்ததும் நீதான் பக்கத்தில் இருப்பதுபோல் ஆகிவிட்டது. போத்தனூர் வீட்டில் நமக்கு ஃபிரிட்ஜ் கிடையாது. ஐஸ் கம்பெனியில் கட்டி வாங்கி, மரத்தூளை உதறிக் கழுவி, இப்படித்தான் துண்டில் சுற்றிக்கொண்டு வருவாய். வலியில் நான் எரிந்து விழுந்தால், "வீங்குன காலு கோவிச்சுக்கிட்ட மாப்பிள்ளையாட்ட கண்ணு, அதட்டுனா எறங்காது" என்பாய்.

பள்ளிக்கூடம் முடிக்கும்வரை என் வீக்கத்துக்கு ஊரார் வைத்திருந்த பெயர் வாதம். யார் யாரோ எண்ணெய் போட்டு நீவி, இருந்த காலையும் கெடுத்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில், நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் கோவையில் ஒரு மருத்துவமனையில் ரத்தத்தைச் சோதித்து ஹீமோஃபிலியா என்றார்கள். எனக்கு ரத்தம் சரியாக உறையாது, அடிபட்டால் மூட்டுக்குள்ளேயே கசியும். அன்று நீயும் நானும்தான் போயிருந்தோம். அப்பாவுக்கு ரயில்வேயில் லீவு கிடைக்கவில்லை.

டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நம் குடும்பத்தையே படமாக வரைய ஆரம்பித்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருப்பவருக்கு உள்ளே கறுப்பு. என் சதுரத்தை அவர் கறுப்பாக்கியபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். உங்கள் பக்கத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். பெரியப்பா மகன் ஒருவர், உனக்கு அண்ணன் முறை, பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காமலே சின்ன வயதில் செத்துப்போனார் என்றாய். அப்பா வழியா, அம்மா வழியா என்றார் அவர். "அப்பா வழிங்க. அப்பாவோட அண்ணன் மகன்" என்றாய். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அப்படியானால் பயமில்லை என்றார் டாக்டர். இந்த நோய் பெண்கள் வழியாக நடந்து ஆண்களிடம் வந்து நிற்பது. அந்த அண்ணனுக்கு வந்திருந்தால் அவரைப் பெற்றவளிடமிருந்து வந்திருக்கும். அவள் உங்கள் அப்பா வீட்டுக்கு மருமகளாக வந்தவள், அவளுடைய ரத்தம் வேறு. அந்தச் சாவுக்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம். உங்கள் மகனுக்கு இது புதிதாகவே வந்திருக்கலாம், அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் மகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம் என்றார்.

நமக்கு அதுதான் வேண்டியிருந்தது. அக்காவுக்கு மதுக்கரையில் மாப்பிள்ளை பார்த்து, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. நீ டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாய். பஸ்ஸில் உட்கார்ந்ததும் எனக்குக் கடலை வாங்கிக் கொடுத்தாய். உக்கடம் தாண்டும்வரை நீ சிரித்துக்கொண்டுதான் வந்தாய்.

பிறகு திடீரென்று உன் கை என் தோளைப் பிடித்தது. பெரியம்மா, பெரியம்மா என்று உனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாய். "எங்க பெரியம்மா எங்கம்மாவுக்குக் கூடப்பொறந்த அக்கா, கண்ணு. அக்காளும் தங்கச்சியும் அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டவங்க."

காங்கேயத்துப் பக்கம் உங்கள் ஊரில் அது ஒன்றும் அதிசயமில்லை. அக்கா வாழ்கிற வீட்டுக்கே தங்கையையும் கொடுத்தால் ஓரகத்திச் சண்டை வராது என்று கணக்குப் போட்டுக் கட்டிவைப்பார்கள். பெரியப்பா மனைவி என்றாலும் பெரியம்மா, அம்மாவின் அக்கா என்றாலும் பெரியம்மா. உனக்கு ஒரே ஆள் இரண்டு வழியிலும் பெரியம்மாவாக இருந்தாள். டாக்டர் ஒரு வழியைக் கேட்டார், நீயும் ஒரு வழியைச் சொல்லிவிட்டாய். இன்னொரு வழியில்தான் நோய் நடந்து வந்திருந்தது.

நான் படித்தவன் அல்லவா, உடனே புரிந்துவிட்டது. புரிந்ததும், விடும்மா, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். "எனக்குத் தெரிஞ்சுபோச்சே" என்று சொல்லி எழுந்து, ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் நிறுத்தச் சொன்னாய். ஸ்டாப் வரட்டும் என்று அவர் எரிச்சல்பட்டார். "என்ற ஸ்டாப்பு போயிருச்சுங்க, எறக்கி உடுங்க" என்றாய். வெயிலில் நொண்டிக்கொண்டே உன் பின்னால் மருத்துவமனைக்குத் திரும்பி வந்தேன். உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

டாக்டர் ரப்பரால் அழித்துப் புதிதாகக் கோடு போட்டார். பெரியம்மாவின் வட்டத்தையும் அம்மாச்சியின் வட்டத்தையும் ஒரே தாயின் கீழ் சேர்த்தார். இரண்டிலும் நடுவில் ஒரு புள்ளி வைத்தார். பிறகு உன் வட்டத்துக்குள்ளும் ஒரு புள்ளி வைத்தார். நோய் உனக்கில்லை, ஆனால் உன்னிடம் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அக்காவின் வட்டத்தில் ஒரு கேள்விக்குறி. அவளுக்கு வந்திருக்கப் பாதி வாய்ப்பு, வந்திருந்தால் அவள் பெறுகிற ஆண் குழந்தைக்கும் பாதி வாய்ப்பு. நீ அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாய். "அப்ப நாந்தானுங்களா இவனுக்குக் குடுத்தது?" என்று கேட்டாய். யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை, அது தானாக வருவது என்றார் அவர். அம்மா, அந்தக் கேள்வி எனக்கு இன்றும் வலிக்கிறது. முழங்கால் வலி அதற்குப் பக்கத்தில் வராது.

வீட்டில் அப்பா குதித்தார். பத்திரிகை அடித்த பிறகு எவளாவது போய்ப் பெண்ணைப் பற்றி இப்படிச் சொல்வாளா என்றார். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நீ குரலை உயர்த்தவே இல்லை. "மறைச்சுக் கட்டிக் குடுத்தா அது கட்டிக் குடுக்கறதில்லீங்க, தள்ளி உடறது. நாளைக்கு அவ பெத்தது ரத்தம் ஒழுகி நின்னா, என்ன ஏதுன்னு தெரியாம இவனுக்கு நீவுனாப்பல அதுக்கும் நீவுவாங்க" என்றாய். படத்தை மடித்து எடுத்துக்கொண்டு மறுநாளே என்னோடு மதுக்கரைக்குப் புறப்பட்டாய்.

மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரிதான். நீ சதுரத்தையும் வட்டத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னதைக் கடைசிவரை கேட்டார், காபியும் கொடுத்தார். அந்த வாரமே தரகர் வந்து, அவர்களுக்குச் சரிப்படவில்லை என்றார். அக்கா உன்னோடு பேச்சை நிறுத்தினாள். சோறு வேண்டுமென்றால்கூட என்னிடம் சொல்லி உன்னிடம் கேட்பாள். நீ அசரவில்லை. அடுத்து வந்த இரண்டு இடத்திலும் பெண் பார்க்க வந்தவர்களிடம் படத்தை விரித்தாய். உறவுக்காரர்கள் உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள்.

மூன்றாவதாக வந்தவர் பம்ப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். படத்தைக் கையில் வாங்கி, வேலைக்கு வந்த டிராயிங்கைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "புள்ளைக்கு வந்தா மருந்து இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. ஆனா ஓடோணும்" என்றாய்.

"ஓடலாமுங்க" என்றார்.

அக்காவுக்கு ஆண் குழந்தை. பிரசவத்துக்கு முன்பே நீ அந்தப் படத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிவைத்திருந்ததால் எல்லாம் தயாராக இருந்தது. ஆயுதம் போடாமல் எடுத்தார்கள், குழந்தைக்குச் சதையில் குத்துகிற ஊசியைத் தவிர்த்தார்கள், தொப்புள்கொடி ரத்தத்தையே சோதித்தார்கள். நோய் இருந்தது. யாரும் வாதம் என்று சொல்லவில்லை, யாரும் நீவவில்லை. வீட்டுக்கு வந்த அன்று அக்கா உன்னிடம் படத்தைக் கேட்டு வாங்கினாள். தன் வட்டத்திலிருந்த கேள்விக்குறியை அழித்துப் புள்ளி வைத்தாள். கீழே ஒரு சதுரம் போட்டு, அவளே அதைக் கறுப்பாக்கினாள். பிறகு, "அம்மா, பசிக்குது" என்றாள். நேராக உன்னிடமே சொன்னாள். நீ அடுப்படிக்குப் போய் அழுதாய்.

இப்போது என் முறை வந்திருக்கிறது. உன் பேத்திக்கு, என் மகளுக்கு, வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் கல்யாணம் பேச வருகிறார்கள். உனக்காவது அக்காவைப் பற்றிச் சொல்லும்போது பாதி வாய்ப்பு என்று சொல்ல இடமிருந்தது. எனக்கு அது இல்லை. நோயுள்ள அப்பனிடமிருந்து மகனுக்குப் போகாது, மகளுக்குப் போகாமல் இருக்காது. அவள் வட்டத்தில் புள்ளியை நான்தான் வைத்திருக்கிறேன். எப்படித் தொடங்குவது என்று நான்கு நாளாக எனக்குள்ளேயே பேசிப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனித்திருக்கிறாள்.

"அவருகிட்ட நான் எப்பவோ சொல்லிப்போட்டேன்ப்பா. நீங்க அவங்க அம்மாகிட்டச் சொன்னாப் போதும்" என்றாள்.

அந்த அம்மா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. எழுந்து போனாலும் போகலாம். முதல் வார்த்தையாக அதைத்தான் சொல்லப்போகிறேன். உன்னிடமிருந்து எனக்கு வந்தது நோய் மட்டுமில்லை, இந்தப் பிடிவாதமும்தான். அதற்கு ஊசி கிடையாது. மகளுக்கும் அது வந்திருக்கிறது, அம்மா.